கைரோ எவ்வளவு நகரும்? ஒரு டேட்டாஷீட் எண்ணுக்குப் பின்னால் இருக்கிற கதை

இந்த எபிசோட் ஒரு நேயர் அனுப்பின கேள்வியில இருந்து வந்தது. காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு கைரோஸ்கோப் சென்சார் வாங்கப் போறாராம். டேட்டாஷீட்ல 'பயாஸ் இன்ஸ்டபிலிட்டி: மணிக்கு 2 டிகிரி'ன்னு முதல் பக்கத்திலேயே தடிமனா போட்டிருக்கு. "அப்போ ஒரு மணி நேரம் ஓடவிட்டா 2 டிகிரி மட்டும்தான் தப்பு வருமா அண்ணா?"ன்னு கேட்டிருந்தார்.

இல்லை. அதைவிட அதிகமா வரும். எவ்வளவு அதிகம்னு அந்த ஒரு எண்ணை மட்டும் வச்சு சொல்லவே முடியாது. டேட்டாஷீட் பொய் சொல்லலை. அந்த எண் வேற ஒரு கேள்விக்கான பதில், அவ்வளவுதான். 'ஒரு கைரோ எவ்வளவு நல்லது?' என்கிற கேள்வியை எப்படிக் கேக்கணும்னு கண்டுபிடிக்கவே நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. கடைசியில பதிலைக் கொடுத்ததும் கைரோ செஞ்சவங்க இல்லை, அணுக்கடிகாரம் செஞ்சவங்க. அந்தக் கதைதான் இன்னைக்கு.

ஆரம்பம் பாரிஸ், 1852. லியோன் ஃபூக்கோவை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அதுக்கு முந்தின வருஷம்தான் பாந்தியோன் கட்டடத்தில பெரிய ஊசல் ஒண்ணைத் தொங்கவிட்டு, பூமி சுத்துறதை ஊர் ஜனங்களுக்குக் கண்ணாலேயே காட்டினார். ஆனா ஊசல்ல ஒரு சிக்கல். அது ஆடுற தளம் திரும்புற வேகம் நீங்க எந்த அட்சரேகையில நிக்கிறீங்க என்பதைப் பொறுத்து மாறும். பாரிஸில் மணிக்கு 11 டிகிரி சொச்சம்தான். பூமியோட முழுச் சுழற்சி மணிக்கு 15 டிகிரி. அதை நேரடியாகக் காட்ட அவர் செஞ்ச கருவிதான் வேகமாகச் சுழலும் ஒரு சக்கரம், எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய வளையங்களுக்கு நடுவில. அதுக்கு கைரோஸ்கோப்னு பேர் வச்சதும் அவர்தான். கிரேக்கத்தில 'சுழற்சியைப் பார்ப்பது'ன்னு அர்த்தம்.

மோட்டார் இல்லாத காலம். பல்சக்கரம் வச்சு கையால முடுக்கிவிட்டா சுமார் பத்து நிமிஷம் ஓடும், அப்புறம் வேகம் செத்துடும். பத்து நிமிஷத்தில பூமி திரும்புறது 2.5 டிகிரி. அதைப் பார்க்க மைக்ரோஸ்கோப் வச்சுக்கிட்டார். ஒரு நிமிஷம் இதை ஒரு எஞ்சினியரா யோசிச்சுப் பாருங்க. தாங்கிகள்ல இருக்கிற உராய்வும் சக்கரத்தோட சமநிலைக் கோளாறும் சேர்ந்து அந்த அச்சை 2.5 டிகிரி தள்ளிவிட்டிருந்தா, பரிசோதனையே வீண். அதாவது யாரும் எழுதி வைக்காத ஒரு ஸ்பெசிஃபிகேஷன் அந்தக் கருவிக்கு இருந்தது. கைரோ தானா நகர்றது, நாம 'ட்ரிஃப்ட்'னு சொல்றது, மணிக்கு 15 டிகிரியைவிட நல்லாக் குறைவா இருக்கணும். கைரோ தொழில்ல பூமியோட சுழற்சி ஒரு அளவுகோலா மாறினது அன்னைக்குத்தான். அது இன்னும் மாறலை. பின்னாடி வருது பாருங்க.

அடுத்த அம்பது வருஷத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். ஜெர்மனியில ஹெர்மன் அன்ஷூட்ஸ்-கேம்ஃபெ என்பவருக்கு நீர்மூழ்கிக் கப்பல்ல பனிக்கு அடியில போய் வட துருவத்தைப் பிடிக்கணும்னு ஆசை. இரும்புக் கப்பலுக்குள்ள காந்த திசைகாட்டி வேலைக்கு ஆகாது. அதனால கைரோவை வச்சு திசைகாட்டி செய்ய இறங்கினார். 1908-ல அது ஜெர்மன் கடற்படைக் கப்பல்ல சோதனைக்குப் போயிடுச்சு. அமெரிக்காவில எல்மர் ஸ்பெர்ரியும் ஒண்ணு செஞ்சார். ரெண்டு பேருக்கும் பேட்டன்ட் சண்டை. ஜெர்மன் நீதிமன்றம் நிபுணர் கருத்துக்குக் கூப்பிட்டது ஆல்பர்ட் ஐன்ஸ்டைனை. முன்னாள் பேட்டன்ட் ஆபீஸ் குமாஸ்தா இல்லையா, சரியான ஆள்தான்.

கைரோ திசைகாட்டியில ஒரு சௌகரியம் இருக்கு. அது வடக்கைத் தேடித் தேடித் தானே திரும்பும். கொஞ்சம் விலகினாலும் பூமியோட சுழற்சியே அதைத் திரும்ப இழுத்து வச்சிடும். பிழை சேர்ந்துக்கிட்டே போகாது. உண்மையான தலைவலி, திருத்த வெளியில யாருமே இல்லாத இடத்துலதான்.

அந்த இடத்துக்குப் போனவர் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சார்ல்ஸ் ஸ்டார்க் டிரேப்பர். ரேடியோ இல்லாம, நட்சத்திரம் பார்க்காம, ஜன்னலே இல்லாத ஒரு பெட்டிக்குள்ள இருந்துகிட்டு 'நான் எங்க இருக்கேன்'னு சொல்ற கருவி வேணும். கைரோக்கள் திசையைப் பிடிச்சு வச்சுக்கும், முடுக்கமானிகள் வேகம் எப்படி மாறுதுன்னு சொல்லும், மீதி எல்லாம் கூட்டல். இது நடக்காதுன்னு சொன்னவங்கள்ல இயற்பியலாளர் ஜார்ஜ் காமாவும் ஒருத்தர். விமானம் வேகம் எடுக்கிறப்போ எது ஈர்ப்பு, எது முடுக்கம்னு உள்ள இருந்து எப்படிப் பிரிப்பீங்க என்கிறது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். கைரோ போதுமான அளவு நல்லா இருந்தா பிரிக்கலாம் என்கிறது டிரேப்பரோட பதில்.

'போதுமான அளவு' என்றால் எவ்வளவு? இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா மனசாலயே போடலாம். பூமியோட மேற்பரப்பில ஒரு கடல் மைல் என்கிறது கோணக் கணக்குல ஒரு டிகிரியில அறுபதில் ஒரு பங்கு. உங்க கைரோ மணிக்கு 0.01 டிகிரி நகர்ந்தா, அது 0.6 கடல் மைல். மணிக்கு ஒரு டிகிரி நகர்ந்தா 60 கடல் மைல். பத்து மணி நேரப் பயணத்துல 600 கடல் மைல். ஊர் இல்லை, மாநிலமே மாறிப் போகும். ஆக, மணிக்குச் சுமார் ஒரு கடல் மைல் பிழையோட பறக்க ஆசைப்பட்டா, பூமியோட சுழற்சியில ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு மேல கைரோ நகரக்கூடாது. டிரேப்பரோட ஆய்வகம் இதையே ஒரு அலகா வச்சுக்கிட்டாங்க. பேர் 'மெரு'. பூமிச் சுழற்சியில ஆயிரத்தில் ஒண்ணு, மணிக்கு 0.015 டிகிரி. ஃபூக்கோ காட்ட முயற்சி பண்ண சிக்னல், நூறு வருஷம் கழிச்சு அளவுகோலோட மேல் முனையா ஆயிடுச்சு.

1953 பிப்ரவரி 8. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பெட்ஃபோர்டில இருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரைக்கும் ஒரு பி-29 விமானம் பறந்தது. ஏத்தி இறக்கினது விமானி. நடுவில சுமார் 12 மணி நேரப் பயணத்துக்கு வழி சொன்னது ஸ்பயர் என்கிற கருவி. எடை ஒரு டன்னுக்கு மேல. அதுக்குள்ள இருந்த கைரோக்கள் சாதாரண தாங்கியில நிக்கலை. கெட்டியான ஒரு திரவத்துல மிதந்துச்சு. மிதக்கிறதால தாங்கி மேல பாரம் கிட்டத்தட்ட இல்லை. பாரம் இல்லைன்னா உராய்வு இல்லை, உராய்வு இல்லைன்னா ட்ரிஃப்ட் குறையும். காமாவுக்கு அதுதான் பதில்.

அந்தக் காலத்து ஸ்பெசிஃபிகேஷன் ஒரே ஒரு எண்தான். இத்தனை மெரு. ஆனா அந்த எண்ணோட அர்த்தம் சத்தமில்லாம மாறிக்கிட்டு இருந்தது. அப்பல்லோவைப் பாருங்க. விண்கலத்துல இருந்த ஒவ்வொரு கைரோவும் எவ்வளவு நகரும்னு தரையிலேயே அளந்து, மெரு கணக்குல கம்ப்யூட்டர்ல போட்டு வச்சாங்க. அந்தக் கம்ப்யூட்டர் பறக்கும்போதே அதைக் கழிச்சுக்கும். தினமும் கரெக்டா பத்து நிமிஷம் லேட்டா வர்ற பஸ்ஸால யாருக்கும் நஷ்டம் இல்லை, நாமளும் பத்து நிமிஷம் லேட்டா கிளம்பிக்கலாம். ஒருநாள் மூணு நிமிஷம், ஒருநாள் பதினெட்டு நிமிஷம்னு வர்ற பஸ்தான் வேலையைக் கெடுக்கும். ஒரே மாதிரி நகர்ற கைரோவும் அப்படித்தான். கழிச்சதுக்கு அப்புறம் மிச்சம் நிக்கிறதுதான் பிழை.

அப்பல்லோ 13-ல அந்த மிச்சத்து மேல மூணு உயிர் தொங்கினது. வழக்கமா விண்வெளி வீரர்கள் செக்ஸ்டன்ட்ல நட்சத்திரம் பார்த்து கைரோ மேடையை அப்பப்போ சரி பண்ணிக்குவாங்க. ஆக்சிஜன் தொட்டி வெடிச்சதுக்கு அப்புறம் கலத்தைச் சுத்தி மினுக்குற துகள்கள். எது நட்சத்திரம், எது குப்பைன்னு தெரியலை. தாய்க்கலத்துல இருந்து அவசரமா நிலவுக்கலத்துக்கு மாத்தின திசைக் கணக்கை அரை நாளுக்கும் மேல அப்படியே நம்பி ஓட்டினாங்க. வீட்டுக்குத் திரும்புற வேகத்தைக் கூட்டுற பெரிய எஞ்சின் இயக்கத்துக்கு முன்னாடி ஒரே ஒரு சோதனை: தொலைநோக்கியைச் சூரியனை நோக்கித் திருப்பச் சொல்லு, ஒரு டிகிரிக்குள்ள வருதான்னு பாரு. வந்தது. கணக்குப் போட்டா ஆச்சரியம் இல்லை. 1 மெரு மிச்சப் பிழைக்கு 15 மணி நேரத்துல 0.2 டிகிரி சொச்சம்தான் சேரும். ஆனா அந்தக் கணக்கை வீட்டுல உக்காந்து போடறதும் அங்க இருந்து போடறதும் ஒண்ணில்லை.

இப்போ கைரோவில இருந்து சக்கரமே காணாமப் போற காலத்துக்கு வருவோம். ஒரு வளையத்துல ரெண்டு பக்கமும் ஒளியைச் சுத்தவிட்டா, வளையம் திரும்புறப்போ ரெண்டுக்கும் பாதை நீளம் வித்தியாசப்படும். 1913-ல பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் சான்யாக் காட்டினது. லேசர் வந்ததும் 1963-ல ஸ்பெர்ரி நிறுவனத்துல முதல் ரிங் லேசர் கைரோ ஓடினது. உராய்வு இல்லை, தாங்கி இல்லை. ஆனா புதுசா ஒரு வியாதி. மெதுவா திரும்புறப்போ ரெண்டு லேசர் கற்றைகளும் ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கும், கைரோ 'நான் திரும்பவே இல்லை'ன்னு சாதிக்கும். வைத்தியம் என்னன்னா, கைரோவையே விடாம குலுக்கறது. சின்ன அதிர்வுதான். டித்தர்னு பேர். ஆனா ஒவ்வொரு தடவை அது திசை மாறும்போதும் அந்தப் பூட்டு நிலையைக் கடந்துதான் போகணும். ஒவ்வொரு கடத்தலும் ஒரு துளி கோணப் பிழையை விட்டுட்டுப் போகும். ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம், எந்த ஒழுங்கும் இல்லாம.

இது டாஸ் போடற மாதிரி. தலை விழுந்தா ஒரு அடி முன்னாடி, பூ விழுந்தா ஒரு அடி பின்னாடி. 100 டாஸ் போட்டா தோராயமா 10 அடி தள்ளி நிப்பீங்க, 10,000 போட்டா 100 அடி. நேரம் நாலு மடங்கு ஆனா பிழை ரெண்டு மடங்கு. இதுக்குப் பேர் ஆங்கிள் ராண்டம் வாக். இதைக் கழிக்க முடியாது. நாளைக்கு விழப்போற டாஸை இன்னைக்கு யாரால சொல்ல முடியும்? அலகும் விசித்திரமா இருக்கும், 'டிகிரி பெர் ரூட் ஹவர்'. முதல் தடவை பார்க்கிறவங்க அச்சுப் பிழைன்னு நினைப்பாங்க.

ஆக இப்போ ஒரே கைரோவுக்கு ரெண்டு வித நோய். ஒண்ணு நேரத்தோட வர்க்கமூலமா வளருது, இன்னொண்ணு, பயாஸ், நேரத்தோடயே வளருது. பயாஸும் சும்மா இருக்கிறதில்லை, மெதுவா அலையுது. இது எல்லாத்தையும் ஒரே ஓட்டத்துல எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

இங்கதான் கடிகாரக்காரங்க வர்றாங்க. அமெரிக்காவில கொலராடோ மாநிலத்துல போல்டர் ஊர். தேசிய தர நிர்ணய ஆய்வகத்துல டேவிட் ஆலன் என்பவர் அணுக்கடிகாரங்களோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தார். பிரச்சினை இதுதான். நாம எல்லாரும் காலேஜ்ல படிச்ச ஸ்டாண்டர்ட் டீவியேஷனை ஒரு கடிகாரத்தோட தரவுல போட்டா, தரவு கூடக்கூட விடை நிலைக்கு வரணும். வரலை. பெருசாகிக்கிட்டே போகுது. காரணம், ஸ்டாண்டர்ட் டீவியேஷன் எல்லாத்தையும் மொத்த சராசரியில இருந்து அளக்கும். அந்த சராசரியே ஊர் சுத்தினா? இன்னைக்கு அளந்தா ஒரு எண், ஒரு வாரம் அளந்தா வேற எண்.

ஆலன் 1966-ல வெளியிட்ட வழி, அவரோட மாஸ்டர்ஸ் தீசிஸ்ல இருந்து வந்தது, பார்க்க ரொம்ப எளிமை. தரவை ஒரு நொடித் துண்டுகளா வெட்டு. ஒவ்வொரு துண்டுக்கும் சராசரி எடு. மொத்த சராசரியை மறந்துடு, பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளோட வித்தியாசத்தை மட்டும் பாரு. அதோட வர்க்கங்களுக்குச் சராசரி எடுத்து பாதி ஆக்கு. இப்போ அதையே 10 நொடித் துண்டு, 100 நொடித் துண்டு, 1000 நொடித் துண்டுன்னு திரும்பத் திரும்பச் செய். கிடைக்கிற வர்க்கமூலங்களை ஒரு கிராஃப்ல போடு. அவ்வளவுதான். பைதான்ல பத்து வரி.

கடிகாரத்துக்கும் கைரோவுக்கும் என்ன சம்பந்தம்? கணிதத்துல ரெண்டும் ஒரே ஆள். கடிகாரம் அதிர்வெண்ணைக் கூட்டிக் கூட்டி நேரம் சொல்லும், கைரோ சுழற்சி வேகத்தைக் கூட்டிக் கூட்டிக் கோணம் சொல்லும். லேசர் கைரோ, ஃபைபர் கைரோ ஆட்கள் இந்த முறையை எடுத்துக்கிட்டாங்க. 1997-ல வந்த ஐ-ட்ரிபிள்-இ 952 என்கிற ஃபைபர் கைரோ தரநிலையில இது விரிவா இருக்கு. இன்னைக்கு உங்க போன் சிப்பு வரைக்கும் அதே வளைவுதான்.

அந்த வளைவு ஒரு படகு மாதிரி இருக்கும். இடது பக்கம் சரியும்: சராசரி எடுக்க எடுக்க வெறும் நாய்ஸ் அடங்குது. அந்தச் சரிவுதான் ஆங்கிள் ராண்டம் வாக். நடுவில ஒரு தட்டையான அடிப்பகுதி. அதுக்கு அப்புறம் மேல ஏறும்: இதுக்கு மேல சராசரி எடுத்தா பயாஸே அலைய ஆரம்பிச்சிடுச்சு, கூட நேரம் காத்திருக்கிறது தீமைதான். நம்ம நேயர் பார்த்த 'பயாஸ் இன்ஸ்டபிலிட்டி' இந்தப் படகோட அடித்தட்டுல இருந்து எடுக்கிற எண். தரநிலைப்படி தட்டையான உயரத்தை 0.664-ஆல வகுக்கணும். சில டேட்டாஷீட்ல வகுத்திருப்பாங்க, சிலதுல இல்லை, எதுன்னும் எழுதியிருக்க மாட்டாங்க.

சொல்ல வர்றது என்னன்னா, அது அந்தக் கைரோவோட வாழ்க்கையிலேயே நல்ல தருணம். வெப்பநிலை மாறாத அறை, அதிர்வு இல்லாத மேசை, சரியா அந்தக் கைரோவுக்கு உகந்த சராசரி நேரம். உங்க ட்ரோன் சென்னை வெயில்ல மோட்டார் பக்கத்துல உக்காந்திருக்கப் போகுது. அதனாலதான் சொல்றேன், அந்த எண்ணை முதல் பக்கத்துல தடிமனா போடறது விளம்பரக்காரங்க எடுக்கிற முடிவு. இருக்கிறதுலேயே சின்ன எண் அதுதான்.

ஒரு நிஜ சிப்பை எடுப்போம். ஹாபி போர்டுகள்ல பல வருஷமா ஓடின எம்.பி.யூ-6050. டேட்டாஷீட்ல நாய்ஸ் அடர்த்தி 'நொடிக்கு 0.005 டிகிரி பெர் ரூட் ஹெர்ட்ஸ்'. 60-ஆல பெருக்கினா 0.3 டிகிரி பெர் ரூட் ஹவர். அதாவது நாய்ஸ் மட்டும்னா, ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் பிழை 0.3 டிகிரி அளவுதான். சில நூறு ரூபாய் போர்டுக்கு இது அநியாயத்துக்கு நல்லா இருக்கே! அதே டேட்டாஷீட்ல கொஞ்சம் கீழ பாருங்க. திரும்பாம சும்மா இருக்கும்போது காட்டக்கூடிய பயாஸ், நொடிக்கு கூட்டல் கழித்தல் 20 டிகிரி. மணிக்கு இல்லை, நொடிக்கு. கழிக்காம விட்டா மேசை மேல கிடக்கிற சிப் ஒரு நிமிஷத்துல மூணு சுத்துக்கு மேல சுத்திட்டேன்னு சொல்லும். சரி, கழிக்கிறோம். கழிச்சதுல நொடிக்கு 0.01 டிகிரி மிச்சம் விட்டாக்கூட ஒரு மணி நேரத்துல 36 டிகிரி. 0.3 எங்க, 36 எங்க.

இதுக்காக ராண்டம் வாக்கை ஒதுக்கிடவும் முடியாது. எங்க வேலையில கிடங்குக்குள்ள ஓடற ரோபோவுக்கு ரெண்டு சென்சார்ல ஒண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஒண்ணுல பயாஸ் இன்ஸ்டபிலிட்டி நல்லா இருந்தது, இன்னொண்ணுல ராண்டம் வாக். மீட்டிங்ல பாதி பேர் முதல் எண்ணைத்தான் பார்த்தாங்க. ஆனா அந்த ரோபோ அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை ரேக் முன்னாடி நிக்கும். நிக்கும்போது கைரோ பூஜ்யம் காட்டணும், காட்டலைன்னா அந்த வித்தியாசம்தான் இப்போதைய பயாஸ், கழிச்சுட்டுப் போயிடலாம். 30 நொடிக்கு ஒரு தடவை பயாஸை மறுபடி அளக்கிற வண்டிக்கு வளைவோட இடது பக்கம்தான் முக்கியம். அடித்தட்டு வரைக்கும் அது போகவே போகாது. ரெண்டாவது சென்சாரைத்தான் எடுத்தோம். விலையும் குறைவு.

எவ்வளவு நல்ல கைரோவா இருந்தாலும் இந்தத் தொல்லை விடாது. ஐன்ஸ்டைன் மறுபடி வர்றார். அவரோட பொதுச் சார்பியலைச் சோதிக்க கிராவிட்டி ப்ரோப் பி என்கிற செயற்கைக்கோளை 2004 ஏப்ரல் 20-ல ஏவினாங்க. உள்ள பிங்பாங் பந்து சைஸ்ல நாலு குவார்ட்ஸ் உருண்டைகள், திரவ ஹீலியம் குளிர்ல சுழலும். சுழலும் பூமி தன்னோட சேர்த்து வெளியையே இழுக்குதா? இழுத்தா கைரோ அச்சு வருஷத்துக்கு சுமார் 39 மில்லி ஆர்க்செகண்ட் திரும்பணும். ஒரு டிகிரியை 36 லட்சம் துண்டு போட்டா அதுல ஒரு துண்டுதான் ஒரு மில்லி ஆர்க்செகண்ட். திட்டம், இதை நூத்துக்கு ஒண்ணு அளவு துல்லியத்தோட அளக்கிறது. ஆனா உருண்டை மேலயும் அதோட உறை மேலயும் மின்னூட்டம் திட்டுத் திட்டா படிஞ்சிருந்தது. அது யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு அச்சை மெதுவா திருகினது. அந்தத் திருகலை மாடல் பண்ணிக் கழிக்கவே வருஷங்கள் ஆச்சு. 2011-ல வந்த முடிவு: 37.2, கூட்டல் கழித்தல் 7.2. கொள்கையோட ஒத்துப் போகுது. ஆனா பிழை நூத்துக்கு 19. நாய்ஸ் பத்தி எல்லாம் முன்கூட்டியே கணக்குப் போட்டிருந்தாங்க, மெதுவா அலையற பிழைதான் வந்து உக்காந்துச்சு.

வீட்டுலேயே செஞ்சு பார்க்க ஆசை இருந்தா: ஃபைபாக்ஸ்னு ஒரு இலவச ஆப் இருக்கு, ஆஹென் பல்கலைக்கழகத்து ஆட்கள் செஞ்சது. போனை ஃப்ளைட் மோடில போட்டு, மேசை மேல வச்சு, ராத்திரி ஃபேன் காத்து படாத இடமா பார்த்து சில மணி நேரம் கைரோ தரவைப் பதிவு பண்ணுங்க. ஆலன் வளைவைப் போட்டு அடித்தட்டு எத்தனையாவது நொடியில வருதுன்னு பாருங்க. சென்னையில மேசை மேல படுத்திருக்கிற போனோட செங்குத்து அச்சுல பூமியோட பங்கு மணிக்கு 3.4 டிகிரிதான், மொத்த 15-ம் கிடைக்காது. உங்க போன்ல அது தெரியுமா தெரியாதான்னு அந்த வளைவைப் பார்த்தே சொல்லிடலாம். ஒரு குறிப்பு, பூமியையும் பயாஸையும் பிரிக்க போனைக் கவிழ்த்துப் போட்டு இன்னொரு தடவை அளக்கணும்: கவிழ்த்தா பூமியோட பங்குக்குக் குறி மாறும், பயாஸுக்கு மாறாது.

வளைவு வந்தா அனுப்பி வைங்க, எந்த போன்னும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.